வான்கம்பியின் மறுபாதி

வானொலிக் கலையில் நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கம்பியே மிகப் பழைய சாதனங்களுள் ஒன்று. 1895ஆம் ஆண்டில் இத்தாலியில் தம் குடும்பத்தார் நிலத்தில் சோதனைகள் நடத்திய மார்க்கோனி, அலைபரப்பியின் ஒரு முனையை உயரே தூக்கி நிறுத்தி, மற்றொரு முனையை மண்ணோடு இணைத்தார். அதன் பின்னரே அவருடைய சைகைகள் எதிரிலிருந்த குன்றைக் கடந்து சென்றன. உயர்ந்து நின்ற கம்பி எல்லோர் நினைவிலும் நிலைத்துவிட்டது. மண்ணுக்குள் சென்ற இணைப்பு பெரும்பாலும் மறக்கப்பட்டது. செங்குத்து ஏரியலை வீட்டுக் கூரையில் நிறுவுவோர் இன்று படும் தொல்லைகளில் பெரும்பகுதி அந்த மறதியிலிருந்து பிறப்பதே.

கோலாலம்பூரில் 1930ஆம் ஆண்டையொட்டி, மலாயா வயர்லெஸ் சங்கத்தார் பெட்டாலிங் குன்றிலிருந்து 325 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பினர். ஒரு செங்குத்துக் கம்பி மண்ணின் துணையோடு இயல்பாக ஒத்ததிர வேண்டுமாயின், அதன் உயரம் அலைநீளத்தில் ஏறத்தாழக் கால் பங்காக இருத்தல் வேண்டும். 325 மீட்டருக்குக் கால் பங்கு 81 மீட்டர். தனி மனிதர் எளிதில் நிறுவக்கூடிய உயரமன்று. சிற்றலைகளில் நிலைமை வேறு. 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அலைநீளம் சுமார் 21 மீட்டர். கால் பங்கு 5 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். தாமான்களின் வரிசை வீடுகளிலும், பிரிக்பீல்ட்ஸ் போன்ற நெருக்கமான பகுதிகளின் அடுக்குமாடிகளிலும் இதற்கு இடமுண்டு. 9எம்2 என்றோ 9டபிள்யூ2 என்றோ தொடங்கும் அழைப்புக்குறி பெற்ற தீபகற்ப மலேசிய வானொலி ஆர்வலர்கள் பலர் செங்குத்துக் கம்பியை விரும்புவதற்கு, அது சிறிது இடத்தையே கேட்பது ஒரு காரணம்.

ஆனால் கம்பியை நிறுவியபின் முறையீடுகள் தொடங்குகின்றன. பேசுபவரின் உதடு ஒலிவாங்கியின் உலோகத்தில் பட்டால் சுரீரென்கிறது. அண்டை வீட்டு ஒலிபெருக்கியில் யாரோ உளறுவது போன்ற ஓசை கேட்கிறது. மலேசியாவில் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31இல் முற்றுப்பெறும்வரை, திரையில் கோடுகள் ஓடுவதும் இவ்வகை முறையீடுகளுள் ஒன்று. இவை யாவும் பேசும்போது நேர்வன. கேட்கும்போது வேறொரு துன்பம்: தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் ஓயாத இரைச்சலில் மூழ்கிப்போகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாதவைபோல் தோன்றும் இக்குறைகளுக்கெல்லாம் ஒரே காரணம் இருத்தல் கூடும். அது, ஏரியலையும் வானொலிப் பெட்டியையும் இணைக்கும் ஊட்டுவடத்தின் வெளிப்புறத்தில் வழிமாறி ஓடும் மின்னோட்டம்.

இரு கம்பியில் மூன்று வழி

ஊட்டுவடமாகப் பெரும்பாலும் பயன்படுவது ஓரச்சு வடம். நடுவில் ஒரு செம்புக் கம்பி. அதைச் சுற்றி மின்கடத்தாப் பொருள். அதன்மேல் செம்பு இழைகளால் பின்னிய வலைக்கவசம். யாவற்றையும் மூடி ஓர் உறை. பார்வைக்கு இதில் கடத்திகள் இரண்டே. ஆயினும் உயர் அதிர்வெண் மின்சாரத்திற்கு இவ்வடத்தில் மூன்று வழிகள் உள்ளன.

உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் உட்புறம் முழுவதிலும் பரவாது. மேற்பரப்பை ஒட்டியே செல்லும். 14 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அது முதன்மையாக ஊடுருவும் ஆழம் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகையால் வலைக்கவசத்தின் உட்பரப்பும் வெளிப்பரப்பும் ஒரே செம்பாயினும், மின்னோட்டத்தின் கண்ணுக்கு அவை தனித்தனிக் கம்பிகள். நடுக்கம்பி ஒரு வழி, கவசத்தின் உட்பரப்பு இரண்டாம் வழி, வெளிப்பரப்பு மூன்றாம் வழி.

முதல் இரண்டு வழிகளிலும் செல்லும் மின்னோட்டங்கள் அளவில் சமமானவை, திசையில் எதிரானவை. ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று அழித்துவிடுவதால், வடத்திற்கு வெளியே அவற்றின் அடையாளமே தெரியாது. தமிழிலக்கணத்தில் இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தருவதில்லை; இவ்விரு ஓட்டங்களும் அவ்வாறே இணையாக நின்றே தம் வேலையைச் செய்கின்றன. மூன்றாம் வழியில் ஓடும் மின்னோட்டத்துக்கு அத்தகைய இணை இல்லை. அதன் புலத்தை அழிக்க அருகில் எதுவும் இல்லாமையால், அது ஓடும் இடமெல்லாம் வடம் ஏரியலாகிவிடுகிறது. பொறியியலார் இதனைப் பொதுமுறை மின்னோட்டம் என்பர். துணையற்ற ஓட்டம் என்று சொன்னால் அதன் இயல்பு எளிதில் விளங்கும்.

இது வீணாகும் மின்சாரமன்று. அதுவும் வானொலி அலையாகவே வெளிப்படுகிறது. எங்கே வெளிப்படுகிறது என்பதே குறை. கூரைக்கு மேலே தடையற்ற வெளியில் பரவவேண்டிய ஆற்றல், சுவரோரமாகவும் சன்னல் வழியாகவும் வீட்டுக்குள் இறங்கி, மின்கம்பிகளுக்கும் ஒலிபெருக்கிக் கம்பிகளுக்கும் அருகில் பரவுகிறது. செங்குத்துக் கம்பியின் சிறப்பு, ஆற்றலை அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்த கோணத்தில் அனுப்புவது. வடமும் சேர்ந்து அலைபரப்பினால் அச்சிறப்பும் குலைகிறது.

கப்பலும் கூரையும்

துணையற்ற ஓட்டம் ஏன் பிறக்கிறது? ஏரியலுக்கும் மின்சாரம் செல்ல ஒரு வழியும் திரும்ப ஒரு வழியும் வேண்டும். நடுக்கம்பி வழியாகச் செங்குத்துக் கம்பிக்குள் ஒரு ஆம்பியர் ஏறினால், கவசத்தின் உட்பரப்பு வழியாக ஒரு ஆம்பியர் திரும்பியே ஆகவேண்டும். அந்தத் திரும்பும் ஓட்டத்தை அளிப்பதே ஏரியலின் மறுபாதி.

கிள்ளான் துறைமுகத்தில் நிற்கும் ஒரு கப்பலையும் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடிக் கூரையையும் ஒப்பிட்டால் இது தெளிவாகும். கப்பலின் செங்குத்து ஏரியலுக்குக் கீழே எஃகு உடல். அதனைச் சூழ்ந்து உப்புநீர். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறன் நல்ல நிலத்தைவிட நூறு மடங்குக்கும் மேல். வறண்ட நிலத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அங்கே மறுபாதி தானாகவே அமைந்துவிடுகிறது. அடுக்குமாடிக் கூரையிலோ மண்ணே இல்லை. மண் பத்து மாடிகளுக்குக் கீழே இருக்கிறது. கம்பியின் அடியில் வேறு ஏற்பாடு செய்யாவிடில், திரும்பும் ஓட்டத்துக்கு எஞ்சிய ஒரே பாதை வலைக்கவசத்தின் வெளிப்பரப்பு. வடமே மறுபாதியாகிவிடுகிறது.

‘மறுபாதி வேண்டாத செங்குத்துக் கம்பி’ என்று விற்கப்படும் ஏரியல்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. அரை அலைநீளக் கம்பிக்கு அடிமுனையில் மின்னழுத்தம் மிகுதி, மின்னோட்டம் குறைவு. ஆதலால் திரும்பும் ஓட்டமும் சிறிதே. சிறிது என்பது இல்லை என்று பொருள்படாது. அச்சிறு ஓட்டம் செல்ல வழி கொடுக்காவிடில், அதுவும் வடத்தின் வழியே இறங்கும்.

மறுபாதி குறைவற அமைந்திருந்தாலும் இன்னொரு வழியாகத் தொல்லை வரலாம். செங்குத்துக் கம்பியிலிருந்து புறப்படும் அலை, அருகே தொங்கும் வடத்தின் வெளிப்பரப்பில் மின்னோட்டத்தைத் தூண்டிவிடும். முதல் வகை அடிமுனையிலிருந்து இறங்குவது. இரண்டாம் வகை வழியிலே வந்து ஒட்டிக்கொள்வது. பரிகாரம் தேடுவோர் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

நோயறியும் வகை

துணையற்ற ஓட்டத்தைக் கண்டறியச் சில எளிய சோதனைகள் உண்டு. ஐந்து அல்லது பத்து வாட் என்ற சிறிய ஆற்றலில் அலைபரப்பிக்கொண்டே, வடத்தின் மேலுறையைக் கையால் பற்றி அங்குமிங்கும் நகர்த்திப் பார்க்கலாம். நிலையலை விகிதத்தைக் காட்டும் கருவியின் முள் அசைந்தால், வடத்தின் வெளியே ஏதோ ஓடுகிறது என்பது உறுதி. உள்ளே மட்டும் ஓடும் மின்சாரம் வெளியே பற்றும் கையை அறியாது. வடத்தோடு ஓரிரு மீட்டர் துண்டைக் கூடுதலாக இணைத்தபோது அந்த விகிதம் பெரிதும் மாறினாலும் இதே முடிவுக்கு வரலாம்.

இன்னும் துல்லியமாக அறிய, இரு பாதிகளாகப் பிளந்து மூடக்கூடிய ஃபெரைட் வளையம் ஒன்று போதும். அதில் மெல்லிய கம்பியைச் சில சுற்றுகள் சுற்றி, டையோடு ஒன்றையும் சிறு அளவுமானியையும் இணைத்து, வளையத்தை வடத்தின்மேல் கவ்வச் செய்து நகர்த்தினால், எங்கே ஓட்டம் மிகுதி, எங்கே குறைவு என்பதை முள்ளே காட்டிவிடும்.

வடத்தின் நீளமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. அதன் கீழ்முனை தரையோடு இணைந்திருக்கும்போது, வெளிப்பரப்பின் நீளம் அரை அலைநீளத்தை நெருங்கினால் ஓட்டம் எளிதாகப் பாயும். கால் அலைநீளமாயின் வெகுவாகக் குறையும். இங்கு ஒரு நுட்பமுண்டு. சாதாரண வடத்தின் உள்ளே அலை செல்லும் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. வெளிப்பரப்பில் அது கிட்டத்தட்ட ஒளியின் வேகமே. எனவே ஒரே வடத்துக்கு உள்ளே ஒரு மின்நீளமும் வெளியே வேறொரு மின்நீளமும் உண்டு. நீளத்தை மாற்றித் தொல்லையைத் தவிர்ப்பது ஓர் அலைவரிசைக்குப் பொருந்தலாம். பல அலைவரிசைகளில் பேசுவோருக்கு அது தீர்வாகாது.

முதற் பரிகாரம்: மறுபாதியை அளித்தல்

செய்யவேண்டியவற்றுள் முதலாவது, திரும்பும் ஓட்டத்துக்கு முறையான வழியமைத்தல். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல், செங்குத்துக் கம்பியின் அடியிலிருந்து நாற்புறமும் கம்பிகளை விரித்து, அவற்றை வடத்தின் கவசத்தோடு இணைக்கவேண்டும். இவையே ஆரக்கம்பிகள்.

1937ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலார் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய மூவர், மண்ணில் புதைத்த ஆரக்கம்பிகளைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். அவர்கள் தம் சோதனைகளில் 113 கம்பிகள்வரை பயன்படுத்தினர். மத்திய அலை ஒலிபரப்பு நிலையங்களில் கோபுரத்தின் அடியில் 120 கம்பிகளைப் புதைக்கும் வழக்கம் இவ்வாய்வையொட்டி நிலைபெற்றது. வீட்டுத் தோட்டத்தில் அத்தனை வேண்டியதில்லை. 16 முதல் 32 கம்பிகள்வரை இட்டால் நற்பயன் கிடைக்கும். மண்ணில் புதையும் கம்பிகள் நீண்டு சிலவாக இருப்பதினும், குறுகிப் பலவாக இருப்பது மேல்.

கூரையின்மேல் கணக்கு வேறு. மண்ணிலிருந்து உயர்ந்து நிற்கும் ஆரக்கம்பிகள் கால் அலைநீளமுடையனவாய் நான்கே இருந்தாலும் போதும். எதிரெதிராக நீளும் இரு கம்பிகளின் அலைவீச்சு ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடுவதால், அவை அமைதியாகவே இருக்கும். அவற்றைச் சுமார் 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்தால், ஏரியலின் மின்மறுப்பு 50 ஓமை நெருங்கி வடத்தோடு பொருந்தும். ஆனால் கம்பிகளின் நுனியில் உயர்ந்த மின்னழுத்தம் தோன்றும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடியில் கைக்கெட்டாதவாறு கட்டுதல் இன்றியமையாதது. நான்கு கம்பிகளே இருக்கும்போது வடமும் ஐந்தாம் ஆரக்கம்பியாக முயலும் என்பதையும் மறத்தலாகாது. இரண்டாம் பரிகாரம் அதற்காகவே.

இரண்டாம் பரிகாரம்: வெளிவழியை அடைத்தல்

வடத்தின் உள்ளே செல்லும் இணை ஓட்டங்களைத் தொடாமல், வெளியே ஓடும் ஓட்டத்தை மட்டும் தடுப்பது எப்படி? தோட்டப்புறங்களை அறிந்தோர்க்கு இதற்கு ஓர் உவமை உண்டு. பால்மரத்தில் வெட்டிய கோட்டின் வழியே இறங்கும் பால் மங்கில் சேரவேண்டும். மழை பெய்யும்போது பட்டையின் மேல் வழியும் நீர் கோட்டுக்குள் புகுந்தால், பால் கோட்டைவிட்டு மரமெங்கும் பரவி வீணாகும். அதைத் தவிர்க்க, வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி ஒரு மழைக்காப்பு விளிம்பை ஒட்டுவதுண்டு. அவ்விளிம்பு பட்டையின் மேல் வழிவதை மட்டுமே மறிக்கிறது. கோட்டுக்குள் இறங்கும் பால் தன் போக்கில் செல்கிறது.

ஊட்டுவடத்துக்கு அத்தகைய விளிம்பாக அமைவது சோக் என்னும் தடைச்சுருள். வடத்தை ஒரு ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுகள் சுற்றினால், உள்ளே ஓடும் இணை ஓட்டங்களின் புலம் வெளியே வராமையால் வளையம் அவற்றை உணர்வதே இல்லை. துணையற்ற ஓட்டத்தின் புலத்தையோ அது முழுவதும் உணர்ந்து, பெரும் தடையாக எதிர்நிற்கிறது. அந்தத் தடை குறைந்தது 1,000 ஓம் இருத்தல் வேண்டும். 5,000 ஓம் என்றால் மிக நன்று.

ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடோடு பிற உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டெடுக்கும் ஒருவகைப் பீங்கான். 1930ஆம் ஆண்டில் டோக்கியோவில் கதோ, தக்கேய் ஆகிய இருவர் இதனைக் கண்டறிந்தனர். மாங்கனீசும் துத்தநாகமும் சேர்ந்த 31ஆம் எண் கலவை தாழ்ந்த சிற்றலைகளுக்கு ஏற்றது. நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த 43ஆம் எண் கலவை அவற்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளுக்குப் பயன்படும். சுற்றுகளின் எண்ணிக்கை இரு மடங்கானால், தாழ்ந்த அதிர்வெண்களில் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். 1983ஆம் ஆண்டில் வால்ட்டர் மாக்ஸ்வெல் என்ற அமெரிக்கர், மெல்லிய வடத்தின்மேல் 50 ஃபெரைட் மணிகளை மாலைபோல் கோத்து அமைத்த தடையைப் பற்றி எழுதினார். இன்றும் அம்முறை வழக்கில் உள்ளது.

ஃபெரைட் இல்லாமல் வடத்தையே வெறுமனே சுருட்டிக் கட்டுவதும் உண்டு. செலவு குறைவு, ஓர் அலைவரிசைக்குப் பயனும் தரும். ஆனால் வெறுஞ்சுருளின் தடை தூண்டுதன்மை ஒன்றையே நம்பியிருக்கிறது. வடத்தின் வெளிப்பரப்பு எதிரான இயல்புடையதாய் அமைந்துவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, ஓட்டம் முன்னிலும் மிகுதியாகும். ஃபெரைட்டின் தடையில் பெரும்பகுதி எந்நீள வடத்தாலும் கழிக்கமுடியாத மின்தடையாக இருப்பதே அதன் மேன்மை.

சோக்கை முதலில் வைக்கவேண்டிய இடம் ஏரியலின் அடிமுனை. அங்கிருந்து கீழே கால் அலைநீளத் தொலைவில் இன்னொன்றை வைத்தால், வழியில் தூண்டப்படும் இரண்டாம் வகை ஓட்டமும் அடங்கும். வீட்டுக்குள் நுழையுமிடத்தில் மூன்றாவது ஒன்று இருப்பதும் நலமே.

இங்கு வரிசை முக்கியம். ஆரக்கம்பிகளே இல்லாமல் சோக்கை மட்டும் வைப்பது, வீட்டின் ஒரே வாசலை அடைப்பதற்கு ஒப்பாகும். திரும்பும் ஓட்டம் போக வழியின்றிச் சோக்கையே நெருக்கும், ஃபெரைட் சூடேறும், சில வேளை வெடித்தும் போகும். சூடேறும் சோக்கைக் கண்டு பெரிய சோக்கைத் தேடுவோர், முதலில் ஆரக்கம்பிகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் பரிகாரம்: வடத்தை வழிநடத்தல்

மூன்றாவது வழிக்குச் செலவு மிகக் குறைவு. வடம் செங்குத்துக் கம்பிக்கு இணையாக அதன் அருகிலேயே ஓடினால் தூண்டல் மிகும். ஆகவே, இயன்றவரை செங்கோணத்தில் விலக்கிக் கொண்டுசெல்லவேண்டும். நிலத்தில் நிற்கும் ஏரியலாயின், வடத்தை மண்ணில் புதைத்தல் நன்று. துணையற்ற ஓட்டத்தின் ஆற்றலை மண் உறிஞ்சிக்கொள்ளும்.

வடம் கட்டடத்துக்குள் புகுமுன் அதன் கவசத்தை நில இணைப்புத் தண்டோடு சேர்ப்பதும் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. ஆண்டில் ஏறத்தாழ 200 நாள்கள் இங்கே இடி முழங்குகிறது. அந்தத் தண்டு வீட்டு மின்சாரத்தின் நில இணைப்போடும் தடித்த கம்பியால் இணைந்திருத்தல் அவசியம். ஒன்றை மட்டும் தெளிவாக உணரவேண்டும்: சோக் மின்னலைத் தடுக்காது. மின்னல் காப்பு தனி ஏற்பாடு.

வகுப்பறையில் காட்ட

இத்துணை நுட்பமான செய்தியைப் பள்ளியில் எளிதாகக் காட்டலாம். பண்பலை கேட்கும் சிறு வானொலிப் பெட்டிகள் பலவற்றில் காதொலிப்பான் கம்பியே ஏரியலாகவும் வேலை செய்கிறது. ஒலியைச் சுமந்து செல்லும் கம்பியின்மேல், வானொலி அலை துணையற்ற ஓட்டமாக வந்து சேருகிறது. மெலிதாகக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்து, கம்பியைப் பெட்டியின் அருகே ஒரு ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்றுகள் சுற்றினால், நிலையம் மங்கும். ஒலியைச் சுமக்கும் திறனோ குறையாது. மடிக்கணினியின் மின்கம்பியில் காணப்படும் உருண்டையான புடைப்பும் இத்தகைய சோக்கே. மாணவர் நாள்தோறும் காணும் பொருளில் ஒரு விதி ஒளிந்திருப்பதை இவ்வாறு காட்டலாம்.

கேட்கும் திறனே பெரிது

வடத்தின் வெளிப்புறம் அலைகளை வெளிவிடுவது போலவே வாங்கவும் செய்யும். எல்.இ.டி. விளக்குகளும், கைப்பேசி மின்னேற்றிகளும், மின்தூக்கி இயந்திரங்களும் நிறைந்த கட்டடத்தில் அது மேலே இருக்கும் ஏரியலுக்குத் தெரியாத இரைச்சலையெல்லாம் திரட்டி மேலே கொண்டுபோய், பின் உள்வழியாகப் பெட்டிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆற்றலை உயர்த்தினால் தொலைவிலுள்ளோர் இங்கிருந்து பேசுவதைக் கேட்பர். இங்குள்ளவர் அவர்களைக் கேட்க அது உதவாது.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையில் ஷா ஆலத்தின் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் முதலிய இடங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. அத்தகைய வேளையில் மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி நிலையம் பயன்படவேண்டுமாயின், அது நலிந்த குரலையும் கேட்கவல்லதாக இருத்தல் வேண்டும். அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தை இழந்து கூரையிலிருந்து இறக்கப்பட்ட ஏரியல் அன்று யாருக்கும் உதவாது. நான்கு ஆரக்கம்பிகளும் ஓரிரு ஃபெரைட் வளையங்களும் அதிகச் செலவுள்ளவையல்ல. அமைதியான நாளில் அவற்றைப் பொருத்தி வைத்தவரே ஆபத்து நாளில் பிறர் குரலைக் கேட்பர்.